பேட்டரி ஹெல்த் 87, அப்புறம் 91, இப்ப 83: எந்த எண்ணை நம்புறது?

கீபோர்டு_தூசி (ஏப்ரல் 6, இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். லேப்டாப் வாங்கி ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆகுது. விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். டிசைன் கெபாசிட்டி, அதாவது புதுசுல தாங்கணும்னு போட்ட அளவு, 57,000 மில்லிவாட் ஹவர். கீழே வாரவாரியா ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (அப்போதைக்கு முழுசா ஏத்தினா எவ்வளவு தாங்கும்ங்கறது) இருக்கு, அதுதான் தலையைச் சுத்த வைக்குது.

பிப்ரவரி கடைசி: 49,820
மார்ச் மூணாவது வாரம்: 52,110
இப்போ: 47,600

அதாவது டிசைன் கெபாசிட்டியில 87, 91, 83 சதவீதம். தேய்ஞ்ச செருப்பு திரும்ப வளருமா? நடுவுல எப்படி ஏறிச்சு? சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். அந்த 83-ஐ மட்டும் பார்த்துட்டு, "மாத்திடுங்க சார், 6,800 ரூபா ஆகும்"னு சொல்லிட்டாங்க. 91-ஐக் காட்டினதுக்கு, "அது சாஃப்ட்வேர் தப்பு"ன்னு பதில். அப்ப 83 மட்டும் எப்படி சரி?

வேலை வீட்டிலிருந்துதான். சார்ஜர் எப்பவும் செருகியே இருக்கும், சார்ஜ் லிமிட் 80-ல வச்சிருக்கேன். கரண்ட் போனா அரைமணி, முக்கால் மணி பேட்டரியில ஓடும். அவ்வளவுதான் பேட்டரிக்கு வேலை.

நெல்லை_எக்ஸ்பிரஸ் (ஏப்ரல் 6, இரவு 10:05)

சுத்தமா 0 வரைக்கும் இறக்கி, 100 வரைக்கும் ஏத்துங்க. மூணு தடவை. எல்லாம் சரியாயிடும். எங்க அண்ணன் செங்கல் சைஸ் போன் காலத்துல இருந்து இதைத்தான் செய்யறான்.

மில்லிவோல்ட் (ஏப்ரல் 6, இரவு 11:32)

நெல்லை, உங்க அண்ணன் சொன்னது நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சரி. பாதியிலேயே சார்ஜ் போட்டுப் போட்டு வச்சா அதுல 'மெமரி எஃபெக்ட்' வரும், அந்தப் பாதியையே முழுசுன்னு பழகிக்கும். லித்தியம் அயானுக்கு அந்த வியாதி கிடையாது. சொல்லப் போனா, அடிக்கடி அடிமட்டம் வரைக்கும் இறக்குறதுதான் அதுக்குக் கெடுதல். ஆனா ஒருதடவை முழுசா இறக்கி ஏத்துறதுல வேற ஒரு பிரயோஜனம் இருக்கு. அது பேட்டரிக்கு வைத்தியம் இல்ல, பேட்டரியை அளக்கிற சிப்புக்குப் பாடம். அதுக்கு அப்புறம் வர்றேன்.

தூசி, முதல்ல ஒண்ணு. பேட்டரியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நேரா பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. ஸ்கேல் வச்சு அளக்கிற மாதிரி இல்ல. பேட்டரி பேக்குக்குள்ள ஒரு கேஜ் சிப் இருக்கும். அதுக்குக் கையில ரெண்டே சாட்சி.

ஒண்ணு, எண்ணிக்கை. சில மில்லி ஓம் மட்டுமே உள்ள ஒரு ரெசிஸ்டர் வழியா மின்னோட்டம் போகும்போது, அதை நொடிக்கு நொடி கூட்டிக்கிட்டே வரும். கூலம் கவுண்டிங்னு சொல்லுவாங்க. பிரச்சனை என்னன்னா, சின்னப் பிசகும் சேர்ந்துக்கிட்டே போகும். ஒரு பேச்சுக்கு 5 மில்லி ஆம்பியர் தப்பா எண்ணுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர் ஹவர். பத்து நாள்ல 1,200. உங்க 57,000 மில்லிவாட் ஹவரை பேக்கோட வோல்டேஜால வகுத்தா மொத்தமே ஏறக்குறைய 4,900 மில்லி ஆம்பியர் ஹவர்தான் இருக்கும். இதுபோக பேட்டரி தானாவே உள்ளுக்குள்ள இழக்கிற சார்ஜ் அந்த ரெசிஸ்டர் வழியா போறதே இல்ல, அதனால சிப்புக்கு அது தெரியவே தெரியாது.

ரெண்டாவது, வோல்டேஜ். எந்த லோடும் இல்லாம பேட்டரி நல்லா ஓய்வெடுத்த பிறகு செல்லோட வோல்டேஜைப் பார்த்தா, எத்தனை சதவீதம்னு சொல்லிடலாம். அதுக்கான அட்டவணை சிப்புக்குள்ளேயே இருக்கும். நிறைஞ்சா 4.2 வோல்ட் அல்லது கொஞ்சம் மேல, காலியானா 3 வோல்ட் பக்கம். ரெண்டு ஓரத்துலயும் வோல்டேஜ் நல்லா சரியும். நடுவுல மட்டும் மேசை மாதிரி கிடக்கும். அங்க 10 மில்லிவோல்ட் பிசகினாலும் பல சதவீதம் தள்ளிப் போயிடும்.

எண்ணிக்கை தப்பினா வோல்டேஜை வச்சுத் திருத்தணும். வோல்டேஜை நம்பணும்னா பேட்டரி ஓய்வுல இருக்கணும், நடுப்பகுதியில இருக்கக் கூடாது. உங்க லேப்டாப் எப்பவும் 80-லயே கிடக்குது. அரைமணி இறங்கி 60-க்கு வந்ததும் கரண்ட் வந்துடுது. பாவம், சிப் என்னதான் பண்ணும்?

கீபோர்டு_தூசி (ஏப்ரல் 7, காலை 7:15)

சிப் குத்துமதிப்பா சொல்லுதுன்னு புரியுது. ஆனா 91-லேருந்து 83-க்குப் போறது ரொம்ப பெரிய குத்தாவும் இருக்கு, ரொம்ப பெரிய மதிப்பாவும் இருக்கே.

மில்லிவோல்ட் (ஏப்ரல் 7, காலை 8:02)

:) கணக்கு போட்டே காட்டறேன்.

மொத்தக் கொள்ளளவை சிப் எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா, ஓய்வுல ஒரு இடத்துல சதவீதம் பார்க்கும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் வெளியே போச்சுன்னு எண்ணும். மறுபடி ஓய்வுல சதவீதம் பார்க்கும். வெளியே போனதை ரெண்டு சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா மொத்தம் வந்துடும்.

90-லேருந்து 30-க்கு இறங்கினப்போ 2,700 மில்லி ஆம்பியர் ஹவர் வெளியே போச்சுன்னு வைங்க. 60 சதவீதத்துக்கு 2,700, அப்ப மொத்தம் 4,500. இப்போ அந்த 60-ல 3 சதவீதம் பிசகு இருந்தா? விடை 4,286-க்கும் 4,737-க்கும் நடுவுல ஆடும். பரவாயில்ல, சமாளிச்சுடலாம்.

அதே பேட்டரி வெறும் 15 சதவீதம் இறங்கியிருக்கு, 675 வெளியே போயிருக்கு. அதே 3 சதவீதப் பிசகு. விடை 3,750-ம் வரலாம், 5,625-ம் வரலாம்! பேட்டரி துளிகூட மாறல. இறங்கின தூரம் குறைஞ்சதும் பிசகு பூதாகரமாயிடுச்சு. அதனாலதான் நல்ல சிப்புகள் சின்னத் தூரத்துல எடுத்த கணக்கை ஏத்துக்காம ஒதுக்கிடும். ஒதுக்கினா பழைய எண்ணே வாரக்கணக்கில அப்படியே நிக்கும். அப்புறம் ஒருநாள் ஏத்துக்கிறமாதிரி ஒரு வாய்ப்பு கிடைச்சதும் ஒரே தாவு தாவும். உங்க ரிப்போர்ட்ல படிக்கட்டு மாதிரி தெரியுதா பாருங்க. மெதுவா சரியாம, அஞ்சாறு நாள் ஒரே எண், திடீர்னு வேற எண்.

ஒரு கேள்வி. மார்ச் முதல் பாதியில லேப்டாப்பை வழக்கத்துக்கு மாறா ஏதாவது பண்ணீங்களா?

கீபோர்டு_தூசி (ஏப்ரல் 7, மதியம் 1:20)

படிக்கட்டு மாதிரியேதான் இருக்கு! மார்ச்ல பத்து நாள் ஊருக்குப் போயிருந்தேன். கிளம்பற அன்னிக்கு பேட்டரியிலேயே வேலை பார்த்துட்டு, 30 சதவீதம் இருக்கும்போது அணைச்சு பீரோவுல வச்சுட்டுப் போனேன். எப்படிக் கேட்டீங்க?

மில்லிவோல்ட் (ஏப்ரல் 7, மதியம் 2:11)

அதேதான். உங்க சிப்புக்கு ரொம்ப நாளைக்கப்புறம் கிடைச்ச நல்ல சாட்சி அது. 80-ல ஓய்வு, அப்புறம் ஒரேயடியா 50 சதவீத இறக்கம், பிறகு பத்து நாள் 30-ல ஓய்வு. அதுக்கப்புறம்தான் 91 வந்திருக்கு. என்னைக் கேட்டா 91-தான் உண்மைக்குப் பக்கத்துல, 83 வெறும் கரண்ட் கட் கணக்கு.

இன்னொரு சங்கதியும் உண்டு. பேட்டரி நிஜமாவே கொஞ்சம் 'வளரும்'. செல்லுக்குள்ள ஆனோட் (நெகட்டிவ் தகடு) கேத்தோடை (பாசிட்டிவ் தகடு) விடக் கொஞ்சம் அகலமா இருக்கும். ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற அந்தப் பகுதிக்கு எதிர்ல கேத்தோட் கிடையாது. பேட்டரியை மாசக்கணக்கில உயரமான சார்ஜ்ல வச்சிருந்தா லித்தியம் கொஞ்சம் கொஞ்சமா அந்த ஓரத்துக்கு ஊர்ந்து போய் உட்கார்ந்துக்கும். கணக்குல இருந்து காணாமப் போன மாதிரி தெரியும். தாழ்ந்த சார்ஜ்ல பல நாள் வச்சிருந்தா அதே வழியா திரும்பி வரும். தொலைஞ்சதுல ஒரு பங்கு தொலையலைன்னு அர்த்தம். செருப்பு வளராதுங்க, ஆனா இதுல கொஞ்சம் வளரும்.

சாலிடர்_மாமா (ஏப்ரல் 7, இரவு 10:48)

ரிச்சி தெருவுல இருபது வருஷமா லேப்டாப் பிரிச்சு மூடற ஆளு நான். மில்லிவோல்ட் தம்பி தியரி சொல்லிட்டாரு, நான் கடை சமாச்சாரம் சொல்றேன்.

எங்கிட்ட வர்றவங்க பாதிப்பேரு எண்ணு ஆடுதுன்னு பயந்துக்கிட்டு வர்றாங்க. நான் பயப்படறது ஆடாத எண்ணைப் பார்த்து. மலிவா ஒரு டூப்ளிகேட் பேட்டரி வாங்கிப் போடுவாங்க. ரிப்போர்ட் எடுத்தா ஹெல்த் 100, சைக்கிள் (எத்தனை முழு சார்ஜ் அளவு ஓடியிருக்குங்கற கணக்கு) 0. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தாலும் டிசைன் கெபாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணா இருக்கும். ஆனா ஒரு மணி நேரத்துல படுத்துரும். பழைய செல்லைப் பொறுக்கிக் கட்டி, சிப்பை மட்டும் புதுசுன்னு எழுதி வச்ச வேலை அது. சிப் எதையும் கத்துக்கறதே இல்ல, எழுதி வச்சதைப் படிக்குது.

அதனால தூசி தம்பி, உங்க எண்ணு ஆடுதுன்னா சிப் உசுரோட இருக்கு, கத்துக்கப் பார்க்குதுன்னு அர்த்தம். காசு கொடுக்க அவசரப்படாதீங்க. எத்தனை மணி நேரம் நிஜமா தாங்குதுன்னு கடிகாரத்தை வச்சுப் பாருங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும். டச்பேட் மேல தூக்கியிருக்கா, அழுத்தினா க்ளிக் இறுக்கமா இருக்கா, கீழ் மூடி உப்பியிருக்கா? அப்படின்னா எந்தக் கணக்கும் வேணாம், எந்த டெஸ்ட்டும் வேணாம். அணைச்சுட்டு பேட்டரியைக் கழட்டக் குடுங்க. உப்பின பேட்டரி 95 சதவீதம்னு காட்டறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். சிப்புக்கு உப்பல் தெரியாது.

ஆப்பிள்_பழம் (ஏப்ரல் 8, காலை 6:55)

லேப்டாப் இழைன்னு தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். ஐபோன் வாங்கி எட்டு மாசம் 100-லயே நின்னுச்சு. அப்புறம் ரெண்டே மாசத்துல 94. ஐஓஎஸ் அப்டேட் போட்டதாலதானா?

மில்லிவோல்ட் (ஏப்ரல் 8, காலை 9:30)

அப்டேட்டைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தொழிற்சாலையிலிருந்து வர்ற செல் பெரும்பாலும் பெட்டியில போட்ட எண்ணைவிடக் கொஞ்சம் கூடவே தாங்கும். போன் விளம்பரத்திலேயே ரெண்டு எண் இருக்கும் பாருங்க, உத்தரவாதமான குறைஞ்சபட்சம் ஒண்ணு, வழக்கமானது ஒண்ணு. உங்க பேட்டரி தொடக்கத்துல 104-ன்னு வைங்க. 104-லேருந்து 100 வரைக்கும் தேயற வரைக்கும் திரையில 100-தான். அந்த உபரி தீர்ந்ததும் எண் நகர ஆரம்பிக்கும். நேத்து தேய ஆரம்பிச்ச மாதிரி நமக்குத் தோணும்.

அப்டேட்டால எண் மாறவே மாறாதுன்னும் சொல்ல முடியாது. 2021 ஏப்ரல்ல வந்த ஐஓஎஸ் 14.5-ல, ஐபோன் 11 வரிசை போன்களுக்கு மட்டும் பேட்டரி ஹெல்த்தை மறுபடி கணக்குப் போடற வசதியே கொடுத்தாங்க. சிலருக்குத் தப்பான எண் காட்டுதுன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டு செஞ்சது. கணக்கு முடிய சில வாரம் ஆகும்னும் சொல்லியிருந்தாங்க. இன்னொண்ணு, புது ஐபோன்ல 80 லிமிட் வச்சாலும் எப்பவாவது ஒருநாள் அது தானாவே 100 வரைக்கும் ஏறும். கோளாறு இல்ல. சதவீதக் கணக்கு சரியா இருக்கணும்னா மேல் ஓரத்தை அப்பப்போ தொட்டுப் பார்க்கணும்.

வன்னி_வெயில் (ஏப்ரல் 8, மாலை 5:17)

நல்ல இழை. என்ரை அன்ட்ரொயிட் போனுக்கு ஒரு செயலி போட்டு பற்றரி ஹெல்த் பார்த்தன். ஒரு நாள் 96 எண்டு காட்டுது, அடுத்த நாள் 88. அதிலும் என்ர தம்பியின்ர போனுக்கு 49 எண்டு காட்டுது! வாங்கி மூண்டு மாசம்தான். பொடியன் கடைக்காரனோட சண்டைக்குப் போகப் பார்த்தான், நான்தான் மறிச்சு வச்சிருக்கிறன்.

மில்லிவோல்ட் (ஏப்ரல் 8, மாலை 6:40)

நல்லவேளை மறிச்சீங்க. தம்பியோட போன் வேகமா சார்ஜ் ஆகிற வகையா? அப்படின்னா உள்ள ரெண்டு செல் தொடரா கட்டியிருப்பாங்க. வோல்டேஜ் ரெண்டு மடங்கு, அதனால மில்லி ஆம்பியர் ஹவர் பாதி. செயலிக்கு அது தெரியாம, முழுப் பேட்டரியோட ஒப்பிட்டுப் பாதின்னு சொல்லுது. 49-ங்கறது நிஜத்துல 98.

உங்க போன் கதை வேற. அந்தச் செயலி தனியா எதையும் அளக்கிறதில்ல. போன் சொல்ற மின்னோட்டத்தை எடுத்துக்கும், போன் சொல்ற சதவீதத்தால வகுக்கும். ரெண்டுமே போன் சொன்னதுதான். 20-லேருந்து 90 வரைக்கும் ஒரே மூச்சுல சார்ஜ் போட்ட நாள் கணக்கு ஓரளவு சரியா இருக்கும். 60-லேருந்து 75 வரைக்கும் போட்ட நாளை மறந்துடுங்க. மேல சொன்ன 15 சதவீதக் கணக்குதான்.

வன்னி_வெயில் (ஏப்ரல் 8, மாலை 7:02)

ஓம், வேகச் சார்ஜ்தான்! பொடியனுக்குச் சொல்லியாச்சு. நன்றி அண்ணை.

டொராண்டோ_குளிர் (ஏப்ரல் 9, அதிகாலை 3:26)

எங்க ஊர்ல ஜனவரியில வெளியே நின்னு போட்டோ எடுத்தா 35 சதவீதத்துல போன் பொட்டுனு அணைஞ்சுடும். உள்ள வந்து சூடானதும் ஆன் பண்ணா 30 இருக்கும். ஹெல்த் எண்ணும் குளிர்காலத்துல கம்மியா காட்டி கோடையில திரும்ப ஏறுது. இதுவும் அதே கதைதானா?

மில்லிவோல்ட் (ஏப்ரல் 9, காலை 8:10)

இது வேற. குளிர்ல செல்லோட உள் மின்தடை ஏறிடும். சார்ஜ் உள்ளதான் இருக்கு, இழுத்தா வோல்டேஜ் தொபுக்கடீர்னு விழுந்துடும், பேட்டரி காலின்னு நினைச்சு போன் அணைஞ்சுக்கும். சூடானா எல்லாம் திரும்பி வரும்.

இதுல தூசிக்கும் ஒரு பாடம் இருக்கு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ங்கற சிப் கம்பெனியோட 'இம்பீடன்ஸ் டிராக்' மாதிரி கேஜ் முறைகள்ல ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிங்கறது பேட்டரிக்குள்ள இருக்கிற மொத்தம் இல்ல. இப்ப இருக்கிற வெப்பத்துல, இப்ப இழுக்கிற லோடுல, கட் ஆஃப் வோல்டேஜ் (இதுக்குக் கீழ போனா அணைஞ்சுடும்ங்கற அளவு) வர்றதுக்குள்ள எவ்வளவு எடுக்க முடியும்ங்கற கணிப்பு. வீடியோ ரெண்டர் பண்ணிக்கிட்டே பார்த்தா ஒண்ணு, டைப் அடிக்கும்போது பார்த்தா ஒண்ணு.

நெல்லை_எக்ஸ்பிரஸ் (ஏப்ரல் 9, காலை 9:45)

சார், நேரா கேக்கேன். வெப்பத்துக்கு மாறும், லோடுக்கு மாறும், எவ்வளவு இறங்கிச்சுங்கறதுக்கு மாறும், லித்தியம் ஓரத்துல போய் ஒக்காந்தா மாறும். அப்ப இந்த எண்ணை எதுக்குக் காட்டுதானுவ? ஜோசியக்காரன்ட்ட போகலாம்லா?

சாலிடர்_மாமா (ஏப்ரல் 9, மதியம் 12:30)

ஹா ஹா. ஜோசியக்காரர் பரிகாரம் சொல்வாரு, இது சொல்லாது.

மில்லிவோல்ட் (ஏப்ரல் 9, மதியம் 1:05)

நெல்லை, நியாயமான கேள்வி. ஒரு நாள் எண்ணை வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாதுங்கறதை ஒத்துக்கறேன். ஆறு மாச எண்களைச் சேர்த்து வச்சுப் பார்த்தா மேல கீழ ஆடினாலும் கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். 92-லேருந்து 84-க்குள்ள ஆடிக்கிட்டே ஒரு வருஷம் போனா அது அளவோட ஆட்டம். 90, 86, 81, 75-ன்னு திரும்பிப் பார்க்காம இறங்கினா அது தேய்மானம். ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20-லேருந்து விற்பனைக்கு வர்ற ஸ்மார்ட்போன் பேட்டரி 800 சைக்கிளுக்கு அப்புறமும் 80 சதவீதமாவது தாங்கணும்னு விதி இருக்கு. சட்டமே அந்த எண்ணை நம்பி நிக்கும்போது நாம தூக்கிப் போட முடியாது. ஒருநாள் பார்த்துட்டு 6,800 ரூபா பில் போடறதுதான் எனக்குப் பிடிக்கல.

தூசி, மனசு ஆறலைன்னா ஒருதடவை இதைச் செய்யுங்க. டச்பேட் உப்பலைன்னு பார்த்துக்கோங்க. லிமிட்டை எடுத்துட்டு 100 வரைக்கும் ஏத்துங்க, ஏறினதும் ஒரு ரெண்டு மணி நேரம் செருகியே விடுங்க. அப்புறம் சார்ஜரைப் பிடுங்கிட்டு சாதாரண வேலை பாருங்க, கேம் வேணாம். 5 சதவீதம் பக்கம் வந்ததும் தானே அணைய விடுங்க. உடனே செருகாதீங்க, அஞ்சு மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும், சிப் ஓய்வு வோல்டேஜைப் பார்க்கணும். பிறகு நிறுத்தாம 100. சில லேப்டாப்ல இதைத் தானா செய்யற 'கேஜ் ரீசெட்' வசதி இருக்கும். லினக்ஸ் ஆளுங்களுக்கு டிஎல்பி-ங்கற பேட்டரி மென்பொருள்ல ரீகேலிபரேட் கட்டளை இருக்கு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை போதும். வாராவாரம் செஞ்சா அளவு சரியா இருக்கும், அளக்க பேட்டரி இருக்காது.

நெல்லை_எக்ஸ்பிரஸ் (ஏப்ரல் 9, மதியம் 1:22)

அப்ப எங்க அண்ணன் சொன்னது சரிதான்னு சொல்லுங்க :)

மில்லிவோல்ட் (ஏப்ரல் 9, மதியம் 1:25)

மூணுல ஒண்ணு சரி.

கீபோர்டு_தூசி (ஏப்ரல் 28, இரவு 8:50)

தாமதத்துக்கு மன்னிக்கணும். டச்பேட் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை அந்த முறையைச் செஞ்சேன். சாலிடர் மாமா சொன்னபடி கடிகாரமும் வச்சேன். வேர்டு, பிரவுசர், பாதி வெளிச்சம்: 5 மணி 10 நிமிஷம் தாங்கிச்சு.

மறுநாள் ரிப்போர்ட்: 50,460. அதாவது 88.5.
இன்னிக்கு: 50,210. 88.1.

மில்லிவோல்ட் சொன்ன 91-ம் இல்ல, சர்வீஸ் சென்டரோட 83-ம் இல்ல.

மில்லிவோல்ட் (ஏப்ரல் 28, இரவு 9:15)

என் ஊகம் தப்பு, ஒத்துக்கறேன். நல்ல சாட்சின்னு சொன்னேன், ஆனா 30 சதவீதமும் அந்தத் தட்டையான பகுதிக்குள்ளதான் வரும், அதை யோசிக்காம விட்டுட்டேன். ரெண்டு வருஷம் நாலு மாசத்துக்கு 88 நல்ல பேட்டரி. லிமிட்டை மறுபடி 80-ல போட்டுடுங்க.

சாலிடர்_மாமா (ஏப்ரல் 28, இரவு 11:02)

அஞ்சு மணி நேரம் தாங்குற பேட்டரியை மாத்தச் சொன்னாங்களா? கத்திரி வெயில் வருது தம்பி, மெத்தை மேல வச்சு வேலை பார்க்காதீங்க, அந்தச் சூடு நிஜமாவே தேய்க்கும். ஜூலையில ஒருதடவை பார்த்துட்டு எண்ணை இங்க போடுங்க.

கீபோர்டு_தூசி (ஏப்ரல் 28, இரவு 11:10)

மெத்தை மேல வச்சுதான் மாமா இதை டைப் பண்றேன். இதோ இறங்கிட்டேன்.